அக்கரையில் ஒரு வாங்கு

"கடையோ, தண்ணியோ, கோயிலோ? முதல் அதைச் சொல்லுங்கோ."

பிரான்சுப் பக்கம் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வரப் போகிறோம் என்று யார் சொன்னாலும், எங்கள் கீழ்மாடி அண்ணை கேட்கிற முதல் கேள்வி அதுதான். தான் வேலை செய்யும் உணவகத்தின் பின்கதவடியில் நின்று, ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தபடி கேட்பார். கடை என்றால் அவர் சொல்கிற ஊர் வேறு. தண்ணீர் என்றால் அருவிக்குப் போகிற பாதை. கோயில் என்றால் மலைமேல் இருக்கும் ஒரு மாதா தேவாலயம். மூன்றும் வேண்டும் என்று யாராவது சொன்னால் சிரிப்பார்.

"மூண்டும் பாத்தால் ஒண்டும் பாக்கேல்லை எண்டுதான் திரும்பி வருவியள்."

லே ப்ரெனே என்பது ஒரு சின்ன ஊர். நாங்கள் இருக்கும் லா ஷோ-து-ஃபோனிலிருந்து காரில் அரை மணித்தியாலம்கூட ஆகாது. அங்கே டூ ஆறு அகன்று ஓர் ஏரி மாதிரிக் கிடக்கும். இந்தக் கரை சுவிஸ், அந்தக் கரை பிரான்ஸ். படகுத் துறைக்குப் பக்கத்தில் ஓர் உணவகம் இருந்தது. அதன் சமையலறையில் அவர் சாப்பாட்டுக் கோப்பை கழுவினார். எங்கள் கட்டடத்தில், எங்களுக்குக் கீழ்மாடியில் ஓர் அறையில் தனியாக இருந்தார். காலையில் சின்ன ரயிலில் வேலைக்குப் போவார். வரும்போது சில நாள் என் கணவர் எங்கள் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்.

எங்களைப் பார்க்க சூரிச்சிலிருந்தும் வேறு ஊர்களிலிருந்தும் சொந்தக்காரர் வந்தால், என் கணவர் அவர்களை எல்லை தாண்டிக் கூட்டிப் போகாமல் விடமாட்டார். போகும் வழியில் வானை அந்தப் பின்கதவடியில் நிறுத்துவார். "அண்ணை, இவையள் ஆறு பேர். எங்கை கொண்டு போக?" அவர் வானுக்குள் தலையை நீட்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கேள்வியைத் தொடங்குவார். அவர் சொன்ன இடத்துக்குப் போய் ஏமாந்து வந்தவர்கள் குறைவு. பாலத்துக்கு இடப்பக்கம் வானை விடச் சொல்வார். மத்தியானம் பன்னிரண்டுக்கு மேல் கடைகளைப் பூட்டிவிடுவார்கள், அதற்கு முதல் பாண் ரொட்டி வாங்குங்கள் என்பார். அருவிக்குப் போகிற பாதையில் இரண்டாவது வளைவில் சப்பாத்து வழுக்கும் என்பார்.

அங்கே போய் வந்தவர் பேசுகிற மாதிரித்தான் இருக்கும். ஆனால் அவர் ஒருநாளும் அந்தக் கரையில் கால் வைத்ததில்லை. அது எங்களுக்குத் தெரியவர இரண்டு வருடம் ஆனது.

அவரிடம் இருந்தது எஃப் அனுமதி. அகதி என்று ஏற்கவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. நாட்டுக்குள் இருக்கலாம், வேலை செய்யலாம், எல்லை தாண்டக் கூடாது. தாண்டுவதென்றால் காரணம் காட்டி முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். சுற்றிப் பார்ப்பது ஒரு காரணம் ஆகாது. சில வருடங்கள் ஒரு பிசகும் இல்லாமல் இருந்தால் பி அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அது கிடைத்தால்தான் ஊரில் இருக்கும் மனைவியையும் மகளையும் கூப்பிட முடியும் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் அங்கிருந்து புறப்பட்டபோது மகளுக்கு ஏழு வயது.

இது எதையும் அவர் எங்களிடம் சொல்லவில்லை. எங்கள் ஆட்களுக்குள் எஃப் என்று சொன்னால் கேட்கிறவரின் முகம் ஒரு மாதிரிப் போகும். அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

முதல்முறை நான் வானில் போனபோது என்னிடமும் கேட்டார்.

"தங்கச்சிக்கு என்ன விருப்பம்?"

"எனக்கு எதுவெண்டாலும் சரி, அண்ணை."

"அப்பிடி ஒரு இடம் அங்கை இல்லை, தங்கச்சி."

வானுக்குள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சூடேறிவிட்டது. நான் நாலு பேர் நடுவில் வாய் திறக்கிற ஆள் இல்லை. தொழிற்சாலையில் மணிக்கூட்டுப் பட்டி பொருத்துகிற வேலை. பக்கத்தில் இருக்கிறவளோடு பேசாமல் முழுநாளும் இருக்கலாம் என்பதற்காகவே அந்த வேலை எனக்குப் பிடிக்கும். அவர் அதைக் கண்டுகொண்டார் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் இறங்கிப் படகுத் துறையைப் பார்க்கப் போனபோது, என் பக்கத்துக் கண்ணாடியடிக்கு வந்து மெதுவாகச் சொன்னார்.

"அங்காலை ஒரு வீடு தெரியுதெல்லோ, நீலக் கதவு போட்டது? அதுக்குப் பக்கத்திலை ஆத்தைப் பாத்தபடி ஒரு மர வாங்கு இருக்கு. பின்னேரம் அதிலை ஒருத்தரும் இருக்க வாறேல்லை. மற்றவையைக் கடைக்கு விட்டுட்டு நீங்கள் அதிலை போய் இருங்கோ."

போய் அந்த வாங்கில் உட்கார்ந்தேன். அவர் சொன்னபடி ஒருவரும் வரவில்லை. எதிர்க்கரையில் உணவகம் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் பின்கதவு திறந்து, வெள்ளை ஏப்ரனோடு ஓர் உருவம் வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு நிமிர்ந்தது. என்னைக் கண்டு கையை உயர்த்தியது. நானும் உயர்த்தினேன். அதற்குப் பிறகு எங்கள் வான் எல்லை தாண்டும்போதெல்லாம் நான் அந்த வாங்கிலேயே இறங்கிக்கொள்வேன். நல்ல இடம் காட்டினார் என்றுதான் நினைத்தேனே தவிர, அங்கே பின்னேரத்தில் ஒருவரும் இருப்பதில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்ததில்லை.

அவருக்கு எல்லாம் அப்படித்தான் தெரிந்திருந்தது. நின்று பார்த்தும், கேட்டும், கோப்பை கழுவியும் அறிந்தது. அந்த உணவகத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பிரான்சுக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லை தாண்டி வந்து மீன் சாப்பிடுவார்கள். கோப்பை உள்ளே வரும்போதே ஆளைச் சொல்லிவிடுவார்.

"பாணாலை கோப்பையைத் துடைச்சுச் சாப்பிட்டிருந்தால் அவர் வடிவா நடக்கிற ஆள், சாப்பிட்டிட்டு அருவிக்குப் போவார். கிழங்கை மிச்சம் விட்டால் அது சொக்கிலேற்றுக் கடைக்கு வந்த ஆள். மீனை விட்டிட்டுச் சலாட்டை மட்டும் திண்டிருந்தால், புருசன் இழுத்துக்கொண்டு வந்த மனுசி."

"அப்ப எங்கடை ஆக்கள்?" என்று என் கணவர் கேட்டார்.

"எங்கடை ஆக்கள் இங்கை எங்கை சாப்பிடீனம்? எல்லாரும் வானுக்கை புட்டுப்பெட்டியோடை தானே திரியிறியள்!"

எங்கள் ஆட்களையும் அவர் வகை பிரித்து வைத்திருந்தார். கடைக்காரர், தண்ணிக்காரர், கோயில்காரர் தவிர இன்னொரு வகையும் உண்டு. அவர்களைக் 'கால் வைக்கிற ஆக்கள்' என்பார். அவர்களுக்கு அங்கே ஒன்றும் பார்க்க வேண்டாம். எல்லை தாண்டி இறங்கி, ஊர்ப் பெயர்ப் பலகைக்குக் கீழே நின்று ஒரு படம் எடுத்து, ஊருக்கு அனுப்பி, "இப்ப பிரான்சிலை நிக்கிறன்" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு உடனே திரும்பி விடுவார்கள். என் கணவருக்கு அந்த வகையைக் கண்டால் எரிச்சல். பெற்றோலுக்குக் கேடு என்பார்.

"இல்லைத் தம்பி," என்பார் அவர். "அவைதான் உண்மையாப் போய் வாறவை. மற்றவை சாமான் வாங்கப் போகினம்."

திரும்பி வருகிறவர்களையும் அவர் விடமாட்டார். வானை மறித்து விசாரணை நடக்கும். பாலத்தடியில் சனமோ? அந்தத் தாடிக்காரன் இன்னும் பாற்கட்டி விற்கிறானோ? மாதா கோயிலில் மெழுகுதிரி எந்தப் பக்கம் வைக்கிறது? ஆளுக்கு ஒரு பதில் வரும். அடுத்த வாரம் வருகிறவர்களுக்கு அதெல்லாம் அவர் வாயிலிருந்து தகவலாக வரும்.

அவர் ஏன் வருவதில்லை என்று கேட்காமலும் இல்லை. "அண்ணை, ஏறுங்கோவன்!" என்று என் கணவர் ஒவ்வொரு முறையும் கூப்பிடுவார். வேலை, முழங்கால், வயிறு சரியில்லை என்று ஏதாவது வரும். ஒருமுறை பருவம் முடிந்து முதலாளி வேலையாட்கள் எல்லாரையும் அருவி வரைக்கும் படகில் கூட்டிப்போனார். அவர் மட்டும் ஏறவில்லை. படகுக்காரனிடம் எல்லைக்கோடு ஆற்றில் எந்த இடத்தில் போகிறது என்று கேட்டிருக்கிறார். "அது மீனுக்குத்தான் தெரியும்" என்று அவன் சிரித்திருக்கிறான். அவர் திரும்பி வந்து சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாராம். அதிலிருந்து எங்கள் ஆட்கள் அவருக்குத் தண்ணீர்ப் பயம் என்று முடிவு கட்டினார்கள். "கிணத்துத் தண்ணியிலை குளிச்ச ஆளுக்கு ஆறு கண்டால் நடுங்கும்தானே" என்று என் கணவர் பகிடி விடுவார். அவரும் சேர்ந்து சிரிப்பார். தண்ணீர்ப் பயக்காரர் என்ற பெயர் அவருக்கு வசதியாக இருந்தது போலும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடும் பனி கொட்டி ரயில் நின்றுவிட்டது. அவரை வேலைக்குக் கொண்டுபோய் விட நாங்கள் இரண்டு பேரும் வானில் புறப்பட்டோம். லே ப்ரெனேக்குப் போகிற வழியில் ஒரு சுரங்கப்பாதை. அதைத் தாண்டியதும் வலது பக்கம் திரும்ப வேண்டும். நேரே போனால் பிரான்ஸ். எப்போதும் எல்லை தாண்டிப் பழகிய என் கணவர், பனி மூட்டத்துக்குள் கதைத்துக்கொண்டே நேரே விட்டுவிட்டார்.

"நிப்பாட்டுங்கோ!"

அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. என் கணவர் பிரேக்கை மிதித்தார். சுங்கச் சாவடியின் கூரை கண்ணுக்கு முன்னால் மங்கலாகத் தெரிந்தது. வான் முழுதாக நிற்க முன்னமே அவர் கதவைத் திறந்து இறங்கிவிட்டார்.

"அண்ணை, என்ன பைத்தியமோ? அங்காலை போய்த் திருப்பிக்கொண்டு வாறன். ஏறுங்கோ."

"நீங்கள் போய்த் திருப்புங்கோ தம்பி. நான் நடந்து வாறன்."

"இதுக்கை எப்பிடி நடப்பியள்? சாவடியிலை ஒரு நாயும் இல்லை. நாங்கள் எத்தினை வருசமாப் போறம், ஒருநாள் மறிச்சிருக்கிறாங்களோ?"

"மறிக்கிறாங்களோ இல்லையோ, தம்பி. நான் போகேல்லை எண்டு நான் சொல்லவேணும்."

பனிக்குள் வந்த வழியே நடக்கத் தொடங்கினார். என் கணவர் வானைத் திருப்பப் புறப்பட்டார். நான் இறங்கி அவர் பின்னால் போனேன். ஏன் இறங்கினேன் என்று தெரியவில்லை. சப்பாத்துக்குள் பனி போய் இரண்டு பேருக்கும் கால் நனைந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததால்தானோ என்னவோ, அவராகவே சொன்னார். எஃப், மனைவி, மகள், இன்னும் எத்தனை காலம் பிசகாமல் இருக்க வேண்டும் என்பது, எல்லாம்.

"பிள்ளை கேக்கிறாள், அப்பா உங்களுக்குப் பின்னாலை தெரியிற நீலக் கதவு வீட்டுக்கு நீங்கள் போயிருக்கிறியளோ எண்டு. ஓம் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்."

மகளோடு வீடியோவில் கதைக்கும்போது அவர் எப்போதும் பின்கதவடியில்தான் நிற்பார். சமையலறைக் குப்பை வாளிகள் தெரியாமல், அக்கரை தெரிகிற மாதிரி கைப்பேசியைப் பிடிப்பார். நான் பலமுறை கண்டிருக்கிறேன். அந்தச் சின்னப் பிள்ளை தகப்பனின் தலைக்குப் பின்னால் வருடக்கணக்காகப் பார்த்தது அந்த நீலக் கதவையும் நான் இருக்கிற வாங்கையும்தான்.

வான் திரும்பி வந்து எங்களை ஏற்றியது.   அன்றிரவு நான் என் கணவரிடம் சொன்னபோது, "நான் தண்ணிப் பயம் எண்டெல்லோ பகிடி விட்டனான்" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் பின்கதவடியில் வானை நிறுத்தியபோது "ஏறுங்கோவன்" என்று கூப்பிடவில்லை. என் கணவருக்கும் தெரியும் என்று அவருக்கு விளங்கிவிட்டது. எனக்குத்தான் அந்த அமைதி கூப்பிடுவதைவிட மோசமாக இருந்தது.

அதற்கடுத்த குளிர்காலத்தில் ஏரி உறைந்தது. இரண்டு நாட்டுச் சனமும் பனிக்கட்டியில் இறங்கிச் சறுக்கிக்கொண்டு திரிந்தார்கள். கோடும் இல்லை, சாவடியும் இல்லை. அவர் படகுத் துறையின் கடைசிக் கட்டை வரைக்கும் நடந்து போய், அதைப் பிடித்துக்கொண்டு நின்று மகளுக்குக் காட்டினார். கைப்பேசியில் அவள் குரல் எனக்கும் கேட்டது.

"அப்பா, நீங்களும் போங்கோவன்!"

"சப்பாத்து வழுக்கும், பிள்ளை."

அவர் அந்தக் கட்டையை விடவில்லை. பக்கத்தில் ஒரு பிரெஞ்சுக் குடும்பம் நாயோடு கரைக்குக் கரை நடந்து போனது. நாய் நடுவில் நின்று திரும்பிப் பார்த்தது. அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனிதர் கொஞ்சம் அதிகமாகப் பயப்படுகிறார், ஒரு தடவை நடந்து வந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று எனக்கு அன்றைக்கு ஒரு கோபம்கூட வந்தது. இப்போது யோசித்தால், அவரிடம் பிடித்துக்கொள்ள வேறு என்ன இருந்தது? மகளை எப்போது கூப்பிடுவார்கள் என்பது யாரோ ஒருவருடைய கையில். கட்டையை விடாமல் இருப்பது மட்டும்தான் அவருடைய கையில்.

பி கிடைத்தது. எங்கள் வீட்டுக்கு மேலே ஓடிவந்து அந்த அட்டையைக் காட்டினார். அதற்கு மேல் இன்னும் ஒரு வருடத்துக்குக் கிட்டச் சென்றது மனைவியும் மகளும் வந்து சேர. அந்த ஒரு வருடத்தில் அவர் எல்லை தாண்டியிருக்கலாம். கையில் கடவுச்சீட்டும் இருந்தது. என் கணவர் மறுபடியும் கூப்பிடத் தொடங்கினார். "அவையளும் வரட்டும், தம்பி" என்று சொல்லிவிட்டார்.

அவர்கள் வந்து இரண்டாவது சனிக்கிழமை, வானில் ஐந்து பேரும் புறப்பட்டோம். மகள் அவரைவிட உயரமாக வளர்ந்திருந்தாள். தகப்பனோடு கைப்பேசியில் ஓயாமல் கதைத்தவள், நேரில் கூச்சப்பட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முன் இருக்கையிலிருந்து திரும்பி, வாடிக்கையாளரிடம் கேட்பது போலக் கேட்டார்.

"கடையோ, தண்ணியோ, கோயிலோ?"

அவள் யோசிக்கவேயில்லை. "நீலக் கதவு வீடு."

சுரங்கப்பாதை தாண்டியது. என் கணவர் இந்தமுறை தெரிந்தே நேரே விட்டார். அவர் மூன்று கடவுச்சீட்டுகளையும் அட்டைகளையும் விரித்து மடியில் வைத்திருந்தார். சாவடி வந்தது. யன்னல் மறைப்பு இறக்கியிருந்தது. ஓர் ஆளும் இல்லை. என் கணவர் வேகத்தைக் குறைத்துத் தாண்டிப் போனார்.

"ஒருத்தரும் பாக்கேல்லையே," என்றார் அவர்.

"நான் சொன்னனானெல்லோ, அண்ணை."

"கொஞ்சம் நிப்பாட்டுங்கோ, தம்பி."

இறங்கிச் சாவடிக்குப் போய், மறைப்பின் இடுக்கு வழியே உள்ளே எட்டிப் பார்த்தார். கையில் கடவுச்சீட்டுகள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து ஏறினார். என் கணவர் பகிடி விடுவார் என்று பயந்தேன். விடவில்லை.

வாங்கு அதே இடத்தில் இருந்தது. நீலக் கதவு கிட்டப் போய்ப் பார்த்தால் பெயின்ற் கழன்று போயிருந்தது. மகள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் இருந்தார்.

"அப்ப இந்த வீடு எங்கடை இல்லையோ?" என்றார் மனைவி. "வீடியோவிலை தெரியிறதை எங்கடை வீடு எண்டு நான் ஊரிலை எல்லாருக்கும் காட்டினனான்."

 அவர் எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உணவகம், படகுத் துறை, கடைசிக் கட்டை, குப்பை வாளிகள், பின்கதவு. எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. யாரோ அங்கே பாத்திரம் போட்ட சத்தம்கூட நீர்மேல் வந்தது.

"இவ்வளவு கிட்டவோ?" என்றார்.

நான் எத்தனையோ தடவை அங்கிருந்து பார்த்தது அது. எவ்வளவு கிட்ட என்று எனக்குத் தெரியும். அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

மகள் பக்கத்தில் வந்து நின்றாள். "எதிலை நிண்டு கதைக்கிறனீங்கள், அப்பா?" அவர் கையை நீட்டிக் காட்டினார். அவள் அந்தப் பின்கதவடியையே பார்த்தாள். பிறகு அவருடைய கையை, நீட்டினபடி இருந்ததை, அப்படியே பிடித்துக்கொண்டாள்.

என் கணவருக்கு ஒரே இடத்தில் இருக்க முடியாது. "சரி அண்ணை, இனி எங்கை? இத்தினை வருசம் எல்லாருக்கும் சொன்னனீங்கள். இண்டைக்கு உங்கடை விருப்பம்."

"எதுவெண்டாலும் சரி, தம்பி."

"அப்பிடி ஒரு இடம் இங்கை இல்லை, அண்ணை."

சொன்னது நான்தான். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முதலில் விளங்காமல் பார்த்தார். பிறகு சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"அப்ப இதிலையே கொஞ்ச நேரம் இருப்பம். இப்ப கதவு திறக்கிற நேரம்."

இருந்தோம். கொஞ்ச நேரத்தில் எதிர்க்கரையில் பின்கதவு திறந்தது. அவருடைய இடத்தில் வேலைக்கு வந்த புது ஆள், வெள்ளை ஏப்ரனோடு வெளியே வந்து வாளித் தண்ணீரைக் கொட்டினார். அவர் வாங்கிலிருந்து எழுந்து கையை உயர்த்தினார். அந்த ஆள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, வெயிலுக்குக் கையை நெற்றியில் பிடித்து இந்தப் பக்கம் பார்த்தார். யார் என்று தெரிந்திருக்காது. என்றாலும் அவரும் கையை உயர்த்தினார்.